மின்வாகன பேட்டரி கனெக்டர் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

12 வோல்ட் வயரிங்கில் கை பழகியவர்கள் 48, 400, 800 வோல்ட் பக்கம் வரும்போது திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பேட்டரிப் பெட்டியிலிருந்து இன்வெர்ட்டர் (பேட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக மாற்றுவது), சார்ஜர், கம்ப்ரசர் வரை ஓடும் கேபிள்களின் முனையில் இருக்கும் கனெக்டரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சார்ஜிங் கன் வேறு கதை. அதைத் தொடவில்லை.

எத்தனை வோல்ட்டுக்கு மேல் போனால் "உயர் மின்னழுத்தம்"?

வாகனத்தில் 60 வோல்ட் டிசி, 30 வோல்ட் ஏசி. இதுதான் கோடு. இதற்கு மேல் 1500 வோல்ட் டிசி (1000 வோல்ட் ஏசி) வரை உள்ளதை ஐஎஸ்ஓ 6469-3 தரமும் ஐ.நா.வின் ஆர்100 விதியும் தனி வகுப்பாக வைக்கின்றன. ஆரஞ்சு கேபிள், விரல் படாத உறை, காப்பு மின்தடை வரம்பு எல்லாம் இந்தக் கோட்டைத் தாண்டியதும் வந்து சேரும். கட்டிட வயரிங்கிலிருந்து வருபவர்களுக்கு இது குழப்பம்தான். அங்கே 1000 வோல்ட் ஏசி வரைக்கும் "லோ வோல்டேஜ்" என்றே பெயர்.

48 வோல்ட் அமைப்பு இந்தக் கோட்டுக்குள் அடங்கும்படி திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐஎஸ்ஓ 21780 படி அது வழக்கமாக 36 முதல் 52 வோல்ட் வரை ஓடும். சுமை திடீரென விலகி மின்னழுத்தம் எகிறினாலும் 60-ஐத் தொடக்கூடாது.

மின்னழுத்தம் ஏறினால் கனெக்டர் சிறிதாகிவிடும்தானே?

பாதி உண்மை. 10 கிலோவாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப 833 ஆம்பியர் வேண்டும். 48 வோல்ட்டில் 208, 400 வோல்ட்டில் 25, 800 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் போதும். ஹீட்டர், கம்ப்ரசர் போன்ற துணைக் கருவிகளின் கனெக்டர் நிஜமாகவே சுருங்குகிறது.

பேட்டரியின் பிரதான கனெக்டர் மட்டும் சுருங்குவதில்லை. மின்னழுத்தத்தை ஏற்றிக் கிடைத்த வசதியை வேக சார்ஜிங் தின்றுவிடுகிறது. 2019-இல் வந்த 800 வோல்ட் போர்ஷே டைகான் 270 கிலோவாட் வரை சார்ஜ் ஏற்கும். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 340 ஆம்பியர். ஆக, 800 வோல்ட் கனெக்டரிலும் சூட்டைத் தீர்மானிப்பது ஆம்பியர்தான். வோல்ட் கூடியதால் உறைக்குள் இடைவெளிகள் பெருகுகின்றன, கழற்றும் முறை சிக்கலாகிறது. வடிவமைப்பவருக்குப் பழைய தலைவலி போகவில்லை, புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

12 வோல்ட் பேட்டரி டெர்மினலையே 48 வோல்ட்டுக்குப் போட்டால் என்ன? ஷாக் அடிக்காதே.

ஷாக் அடிக்காதுதான். ஆர்க் அடிக்கும்.

செம்போ வெள்ளியோ, இரு தொடுமுனைகள் பிரியும்போது ஆர்க் (முனைகளுக்கு நடுவே காற்றில் எரியும் மின்சுடர்) நிலைக்கக் குறைந்தது 12–13 வோல்ட் வேண்டும். மின்னோட்டமும் அரை ஆம்பியர் அளவுக்காவது இருக்க வேண்டும். 12 வோல்ட் வண்டி இந்த விளிம்பிலேயே ஓடுவதால் டெர்மினலைக் கழற்றும்போது ஒரு பொறி தெறிக்கும், அதோடு சரி. 48 வோல்ட்டில் அந்த விளிம்பைப் போல நான்கு மடங்கு கையில் இருக்கிறது. சுமையோடு பிரித்தால் ஆர்க் மில்லிமீட்டர் கணக்கில் நீண்டு, தொடுமுனையை உருக்கி, பிளாஸ்டிக்கையும் கரியாக்கும். வீட்டு ஏசி மின்சாரத்தில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த வாய்ப்பும் கிடையாது.

1990களின் பிற்பகுதியில் 36 வோல்ட் பேட்டரி, 42 வோல்ட் சார்ஜிங் என்று ஒரு திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. அது படுத்துப்போனதற்கு விலை உட்படப் பல காரணங்கள். கனெக்டர், ரிலே, சுவிட்ச் ஆகியவற்றில் ஆர்க் கிளப்பிய தொல்லையும் அவற்றில் ஒன்று.

48 வோல்ட்டில் கவனிக்க இன்னும் இரண்டு உண்டு. லூசான டெர்மினல் 12 வோல்ட்டில் வெறும் "ஸ்டார்ட் ஆகவில்லை" புகாராக வரும். 48-இல் அதே லூஸ், அதிர்வில் விட்டுவிட்டு ஆர்க் அடிக்கும். தொடர்சுற்றில் நடப்பதால் மின்னோட்டம் கூடாது, ஃபியூஸும் போகாது. அடுத்தது உப்புநீர். அருகருகே உள்ள இரு பின்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் நேர்மின் பக்கத்துச் செம்பு மின்பகுப்பில் கரைந்துபோகும், 12 வோல்ட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு வேகமாக. 12-உம் 48-உம் ஒரே உறைக்குள் பக்கத்துப் பக்கத்துப் பின்களாக வரக்கூடாது. இரண்டின் எர்த் போல்ட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

800 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கனெக்டரை இழுத்துவிட்டால்?

அப்படி இழுக்கவே முடியாதபடி செய்வதுதான் வடிவமைப்பு. தொடுமுனைகள் சேரும் வரிசை இது: முதலில் ஷீல்டு (மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை), அடுத்து மின்சக்தி முனைகள், கடைசியில் இன்டர்லாக் பின்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ். இன்டர்லாக் என்பது சில மில்லிஆம்பியர் ஓடும் ஒரு சிறு சுற்று. வண்டி நிற்கும்போது அது அறுந்தால் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி) பேட்டரிக் கான்டாக்டரை, அதாவது பேட்டரியைத் துண்டிக்கும் பெரிய ரிலேயை, திறந்துவிடும்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். இன்டர்லாக் பின் விலகிய பிறகு மின்சக்தி முனை விலக இன்னும் 5 மி.மீ. பயணம் இருக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 250 மி.மீ. வேகத்தில் இழுத்தால் அதற்கு 20 மில்லிவினாடி. இன்டர்லாக் அறுந்ததை உறுதி செய்து கான்டாக்டரைத் திறக்க பிஎம்எஸ்ஸுக்கு இது போதாது. இன்டர்லாக் பின்னை இன்னும் குட்டையாக்கியும் பயனில்லை. நெம்புகோலை இரண்டு கட்டமாக்க வேண்டும்: முதல் இழுப்பில் இன்டர்லாக் மட்டும் திறந்து நெம்புகோல் ஒரு தடுப்பில் முட்டி நிற்கும். வேறொரு தாழ்ப்பாளை விரலால் அழுத்தினால்தான் இரண்டாம் கட்டம் நகரும். விரலை இடம் மாற்றும் அந்த ஒரு நொடிதான் பாதுகாப்பு.

கான்டாக்டர் திறந்தாலும் இன்வெர்ட்டர் பக்கத்துக் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் மிச்சமிருக்கும். 500 மைக்ரோஃபாரட், 800 வோல்ட் என்றால் 160 ஜூல். 400 வோல்ட்டில் இதே கெப்பாசிட்டரில் 40 ஜூல்தான். கருவியின்றிக் கையால் பிரிக்கும் கனெக்டர் பிரிந்த 1 நொடிக்குள் முனைகள் 60 வோல்ட்டுக்கு இறங்கிவிட வேண்டும் என்பது ஆர்100 ஏற்கும் வழிகளில் ஒன்று. நிரந்தரமாக ஒரு மின்தடையை இணைத்தே இதைச் செய்யப் பார்த்தால் சுமார் 770 ஓம் தேவைப்படும். அது வண்டி ஓடும் நேரமெல்லாம் 830 வாட்டை வீணடிக்கும். அதனால் இன்வெர்ட்டர் தானே முனைந்து மின்னிறக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. கனெக்டர் வடிவமைப்பாளர் இன்வெர்ட்டர்காரரோடு உட்கார்ந்து பேசவேண்டிய இடம் இது. பல திட்டங்களில் அந்தப் பேச்சு தாமதமாகத்தான் நடக்கிறது.

இன்டர்லாக் அடிக்கடி பொய்யாக அறுகிறது. ஏன்?

பெரும்பாலும் தகர முலாம்தான் காரணம். 10–20 மில்லிஆம்பியர் மட்டுமே ஓடும் முனையில், அதிர்வில் தேய்ந்து உருவாகும் ஆக்சைடைத் துளைக்க மின்னோட்டத்துக்கு வலு இல்லை. இன்டர்லாக் பின்னுக்குத் தங்க முலாம் போடுங்கள். பிஎம்எஸ் மென்பொருளில் சில மில்லிவினாடி வடிகட்டலும் இருக்கட்டும். வண்டி வேகமாக ஓடும்போது இன்டர்லாக் அறுந்தால் உடனே கான்டாக்டரைத் திறந்துவிடக்கூடாது. முழுச் சுமையில் திறந்தால் கான்டாக்டர் பாழ், ஓட்டுநருக்கும் ஆபத்து. எச்சரிக்கை காட்டி, வண்டி நின்றபின் திறப்பதே வழக்கம்.

தொடுமுனையின் மின்தடை எவ்வளவு இருக்கலாம்?

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள். 0.15 மில்லிஓம் டெர்மினலில் 200 ஆம்பியருக்கு 6 வாட், 300-க்கு 13.5, 400-க்கு 24. 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 300 ஆம்பியரில் மீட்டருக்கு 45 வாட் சூட்டை நீளம் முழுக்கப் பரப்பி வெளியேற்றிவிடும். டெர்மினலின் 13.5 வாட்டோ ஒரு விரல்நுனி இடத்தில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டுக் கிடக்கும். அதற்குப் போக்கிடம் கேபிளின் செம்புதான். அதனால்தான் 50 சதுர மி.மீ. கேபிளோடு சோதித்துப் பெற்ற ஆம்பியர் எண்ணை, 35 கேபிள் போட்ட வண்டியில் நம்பக்கூடாது.

வழவழப்பாகத் தெரியும் இரு பரப்புகள் உண்மையில் சில நுண்புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. மொத்த மின்னோட்டமும் அந்தப் புள்ளிகள் வழியே நெருக்கியடித்துப் போகிறது. அந்தப் புள்ளி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத் தொடுமுனையில் விழும் மின்னழுத்தமே சொல்லிவிடும். தகரம் சுமார் 70 மில்லிவோல்ட்டில் இளகத் தொடங்கும், 130-இல் உருகும். வெள்ளிக்கு 90-உம் 370-உம். செம்புக்கு 120-உம் 430-உம். 300 ஆம்பியரில் 0.15 மில்லிஓம் என்றால் 45 மில்லிவோல்ட், பயமில்லை. அதே முனை பழசாகி 0.45 ஆனால் 135 மில்லிவோல்ட். தகரம் உருகிவிட்டது என்று அர்த்தம். புதுக் கனெக்டரின் மின்தடையைப் பார்த்துத் திருப்திப்படுவதில் பிரயோசனமில்லை. ஆயுள் முடிவில் அது எவ்வளவு இருக்கும் என்பதே கேள்வி.

எந்த உலோகம், எந்த முலாம்?

மின்சாரம் கடத்துவது ஒன்று, ஸ்பிரிங்காக அழுத்துவது இன்னொன்று. இரண்டையும் ஒரே உலோகம் நன்றாகச் செய்யாது. தூய செம்பு கடத்தும், ஆனால் 100 டிகிரிக்கு மேல் வருடக்கணக்கில் இருந்தால் அழுத்தம் தளர்ந்துவிடும். பித்தளையின் கடத்துதிறன் செம்பில் கால் பங்குக்குச் சற்று மேல்தான், அதிக ஆம்பியருக்கு உதவாது. செம்பு-குரோமியம்-சிர்கோனியம் கலவை செம்பில் 80 சதவீதம் அளவுக்குக் கடத்தி, சூட்டிலும் விறைப்பாக நிற்கும். செலவு ஒத்துக்கொண்டால் இதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் மெல்லிய செம்புத் தகட்டுக்குப் பின்னால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங்கை வைத்து வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்.

முலாமில், 100 ஆம்பியருக்கு மேல் வெள்ளி என்று தொடங்குங்கள். நிக்கல் அடித்தளத்தின் மேல் 3 முதல் 5 மைக்ரான் வெள்ளி. வெள்ளி கந்தகக் காற்றில் கறுக்கும். சக்தி முனைகளில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் கண்ணுக்குத்தான் அசிங்கம், மாட்டும்போது உரசிப் போய்விடும். தகரம் மலிவு, ஆனால் 130 டிகிரிக்கு மேல் கூடாது. அதிர்வுக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. அதிர்வில் சில பத்து மைக்ரான் முன்னும் பின்னும் ஆடிய தகர முனையை உருப்பெருக்கியில் பாருங்கள்: நடுவில் கரும்புள்ளி, ஓரத்தில் மைத்தூள் போல ஒரு விளிம்பு. அந்தத் தூள் தகர ஆக்சைடு. ஒவ்வொரு ஆட்டத்திலும் புது உலோகம் வெளிப்பட்டு, ஆக்சைடாகி, அடுத்த ஆட்டத்தில் தூளாகிறது.

ஆண் முனைக்குத் தகரம், பெண் முனைக்கு வெள்ளி என்று கலக்காதீர்கள். இரு பாதிகளை வேறு வேறு நிறுவனங்களில் வாங்கும்போது இந்தத் தவறு சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.

பின்களுக்கு இடையே எத்தனை மி.மீ. விடவேண்டும்?

காற்றின் குறுக்கே உள்ள நேர் இடைவெளி வேறு, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை ஒட்டி ஊர்ந்து போகும் தொலைவு வேறு. இரண்டையும் ஐஇசி 60664-1 அட்டவணையிலிருந்து தனித்தனியாக எடுக்க வேண்டும்.

முதலில் சரியான மின்னழுத்தத்தைப் பிடியுங்கள். 96 செல் தொடர் முழுச் சார்ஜில் 403 வோல்ட், 198 செல் தொடர் 832 வோல்ட். அட்டவணையில் 400-க்கும் 800-க்கும் வரிசைகள் இருக்கின்றனவே என்று எடுத்தால் தவறு. 500, 1000 வரிசைகளை எடுப்பது பாதுகாப்பு.

மேற்பரப்புத் தொலைவு, அடிப்படைக் காப்புக்கு, மாசு நிலை 2-இல் (கடத்தாத தூசு, எப்போதாவது மட்டும் ஈரம்): 500 வோல்ட்டுக்கு 2.5, 3.6, 5.0 மி.மீ.; 1000 வோல்ட்டுக்கு 5.0, 7.1, 10.0 மி.மீ. மூன்று எண்களும் முறையே பிளாஸ்டிக் குழு ஒன்று, இரண்டு, மூன்றுக்கு. சிடிஐ எண் (ஈரமும் மாசும் படிந்த பரப்பில் மின்கசிவுத் தடம் விழுவதைப் பிளாஸ்டிக் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) 600-உம் அதற்கு மேலும் உள்ளது குழு ஒன்று, 400 முதல் 600 வரை இரண்டு, அதற்குக் கீழே மூன்று. ஈரத்தோடு தூசு சேரும் மாசு நிலை 3 ஆனால் 1000 வோல்ட் வரிசை 12.5, 14, 16 என்று எகிறிவிடும். இத்தனை இடம் எந்தக் கனெக்டரிலும் எளிதில் கிடைக்காது. சீல் போட்டு உள்ளே மாசு நிலை 2-ஐக் காப்பாற்றுவதும், சிடிஐ 600 பிளாஸ்டிக்குக்குக் காசு கொடுப்பதும் இதனால்தான்.

தொலைவைக் கூட்டப் பள்ளம் வெட்டுவார்கள். மாசு நிலை 2-இல் 1 மி.மீ.-க்கும் குறுகலான பள்ளம் கணக்கில் சேராது. மென்பொருளில் அழகாகத் தெரியும் 0.8 மி.மீ. பள்ளங்கள் ஆய்வில் அடிபடுவது இங்கேதான்.

காற்று இடைவெளி 2500 வோல்ட் திடீர்த் துடிப்புக்கு 1.5 மி.மீ. இது கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். 5000 மீட்டர் மலைச்சாலைக்கு 1.48-ஆல் பெருக்கி 2.2 மி.மீ. விடுங்கள். மேற்பரப்புத் தொலைவுக்கு இந்தப் பெருக்கல் கிடையாது.

பிளாஸ்டிக் தேர்வில் எதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடியிழை கலந்த பிஏ66 (நைலான் வகை) உறுதியானது, ஆனால் ஈரத்தைக் குடித்து அளவு மாறும். பிபிடி (பாலியெஸ்டர் வகை) அளவு மாறாது, ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் நொறுங்கும். நீராற்பகுப்பைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தீத்தடுப்புக்குச் சிவப்புப் பாஸ்பரஸ் சேர்த்த பிளாஸ்டிக்கை உயர் மின்னழுத்த டிசி அருகில் தவிர்க்க வேண்டும். ஈரத்தில் அது அமிலமாகிச் செம்பை அரிக்கும், காப்பும் கெடும்.

விரல் படாமல் செய்வது எப்படி?

ஐபிஎக்ஸ்எக்ஸ்பி சோதனையில் 12 மி.மீ. தடிமனும் 80 மி.மீ. நீளமும் உள்ள, மூட்டுகள் மடங்கும் செயற்கை விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அது உலோகத்தைத் தொடக்கூடாது. கனெக்டர் பிரிந்த நிலையில் இரண்டு பாதிகளும் தனித்தனியே இதில் தேற வேண்டும். பெண் முனையை உள்ளே தள்ளி வைப்பது எளிது. ஆண் பின்தான் சிக்கல், அதன் நுனிக்குப் பிளாஸ்டிக் தொப்பி வேண்டும். அந்தத் தொப்பியைப் பின்னின் உலோகத்தோடு வெறுமனே அழுத்திச் செருகினால் சூட்டுச் சுழற்சியில் கழன்றுவிடும். கொக்கி அல்லது பள்ளத்தில் பூட்டுங்கள்.

ஐபி67 தேறிய கனெக்டருக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

ஐபி67 என்பது அசையாத 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம். வண்டியில் நடப்பது வேறு. 85 டிகிரி சூட்டில் இருக்கும் கனெக்டர் மீது 20 டிகிரி தண்ணீர் தெறித்தால் உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி, அழுத்தம் 18 சதவீதம் குறைகிறது. இது கிட்டத்தட்ட 1.8 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான உறிஞ்சல். 1 மீட்டரில் தேறிய சீல் இங்கே தோற்பதில் வியப்பில்லை. சூடாக்கி உடனே குளிர்ந்த உப்புநீரில் முக்கும் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 80 டிகிரி நீரை 80–100 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் ஐபி6கே9கே தனி.

சீல் நன்றாக இருந்தும் நனைந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கேபிள் சீலுக்கு வெளியே வந்ததும் வளைந்து திரும்புகிறதா? வளைவு சீலின் ஒரு பக்கத்தை நசுக்கி மறுபக்கத்தைத் திறந்துவிடும். கேபிள் விட்டத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் நேராக ஓடிய பிறகு வளையட்டும். மற்றது, கேபிளின் மறுமுனை. அங்கே நுழைந்த நீர் செம்பு இழைகளுக்கு நடுவே, திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, மீட்டர் கணக்கில் பயணம் செய்து இந்தப் பக்கம் சொட்டும். இந்த முனையின் சீலை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்காது.

50 சதுர மி.மீ. ஷீல்டு கேபிளை எப்படிக் கிரிம்ப் செய்வது (டெர்மினலை நசுக்கிப் பொருத்துவது)?

வெளியுறையை வெட்டும்போது அடியிலிருக்கும் ஷீல்டுப் பின்னலில் கத்தி படக்கூடாது. பின்னலை, அதற்கு அடியில் செருகும் உலோக வளையத்தின் மேல் பின்னோக்கி மடித்து, மெல்லிய உலோகத்தாள் இருந்தால் துண்டு மிச்சமின்றி எடுத்துவிடுங்கள். தொங்கும் ஒரு தாள்துணுக்கு போதும், உயர் மின்னழுத்தக் காப்புச் சோதனை தோற்க. உள்காப்பை வெட்டும்போது செம்பு இழை அறுபடாமல் பாருங்கள். செம்பை டெர்மினல் குழாய்க்குள் பார்வைத் துளையில் தெரியும்வரை தள்ளி, அந்தக் கேபிளுக்கும் அந்த டெர்மினலுக்கும் உரிய அச்சில் அழுத்துங்கள். பிறகு கிரிம்ப் உயரத்தை அளந்து பதியுங்கள்.

எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். கிரிம்ப் உயரத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சோதித்தால் இழுவை வலிமை ஓர் உச்சத்துக்குப் போய் இறங்கும். மின்தடையோ அந்த உச்சத்தைத் தாண்டியும் இன்னும் குறைந்துகொண்டே போகும். இழுவை உச்சத்திலேயே நிறுத்தினால் இழைகளுக்கு நடுவே காற்று மிஞ்சும், சூட்டுச் சுழற்சிக்குப் பிறகு மின்தடை ஏறும். இழுவையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சற்று இறுக்கமான பக்கம் நில்லுங்கள். குறுக்கே வெட்டி மெருகேற்றிப் பார்த்தால் தேனடை போல இழைகள் அறுகோணமாக நெருங்கியிருக்க வேண்டும். உருண்டையாகவே இருந்து நடுவில் கறுப்பு முக்கோணங்கள் தெரிந்தால் அழுத்தம் போதவில்லை.

சால்டர் ஊற்றி "பலப்படுத்தாதீர்கள்". அது இழைகளுக்குள் ஏறி ஓரிடத்தில் விறைத்து நிற்கும், அதிர்வில் சரியாக அந்த எல்லையில் கேபிள் முறியும்.

அலுமினியக் கேபிள்?

அதே மின்தடைக்கு எடை பாதி, கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம். மேலே ஆக்சைடு, உள்ளே அழுத்தத் தளர்ச்சி, செம்போடு சேர்ந்தால் அரிமானம் என்று மூன்று பகை. சாதாரண கிரிம்ப் வேண்டாம். அல்ட்ராசோனிக் வெல்டிங் செய்து, இணைப்பை ஈரம் புகாமல் மூடுங்கள்.

ஷீல்டை ஒரு வயராக முறுக்கி எர்த்தில் கட்டினால் போதாதா?

போதாது. அந்த முறுக்கு வயரே உயர் அதிர்வெண்ணில் ஒரு காயிலாகிவிடும். 360 டிகிரியும் சுற்றி வளையமாகப் பிடித்து உலோக உறையோடு சேர்க்க வேண்டும்.

போல்ட் போட்ட பஸ்பார் (கேபிளுக்குப் பதிலான உலோகப் பட்டை) இணைப்பு சில மாதத்தில் தளர்கிறது. டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை) சரியாகத்தான் இருந்தது.

போல்ட் தலைக்கும் நட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் மாட்டியிருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் சூட்டில் மெல்ல வழிந்து கொடுக்கும், பிடிப்பு போய்விடும். அழுத்தம் போகும் பாதை முழுக்க உலோகமாக இருக்க, பிளாஸ்டிக் துளைக்குள் உலோகக் குழல் (புஷ்) வையுங்கள்.

ஷார்ட் ஆனால் கனெக்டர் தாங்குமா?

ஃபியூஸ் போகும்வரை தாங்கினால் போதும், ஆனால் அதை நிரூபித்துக் காட்ட வேண்டும். 50 சதுர மி.மீ. கேபிள் 10,000 ஆம்பியரை அரை நொடி தாங்கிவிடும். தொடுமுனை அப்படியல்ல. மின்னோட்டம் நுண்புள்ளியில் குவிவதால் இரு முனைகளும் ஒன்றையொன்று தள்ளும் விசை உருவாகும். ஸ்பிரிங் அழுத்தம் போதாவிட்டால் முனை துள்ளி, ஆர்க் அடித்து, ஒட்டிக்கொள்ளும். பயன்படுத்தப்போகும் அதே ஃபியூஸை வைத்தே சோதியுங்கள்.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

மின்தடையிலிருந்து. நான்கு வயர் முறையில் (மின்னோட்டத்துக்கு ஒரு ஜோடி, அளக்க ஒரு ஜோடி) அளங்கள், இல்லையென்றால் அளப்பது கருவி வயரின் மின்தடையைத்தான். சோதனை மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரண்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். வெவ்வேறு உலோகங்கள் சேருமிடத்தில் சூட்டால் எழும் சில மைக்ரோவோல்ட் அதில் கழிந்துவிடும்.

அடுத்து வெப்ப ஏற்றம். யுஎஸ்கார்-2 (அமெரிக்க வாகன நிறுவனங்களின் கனெக்டர் தரம்) சுற்றுப்புறத்துக்கு மேல் 55 டிகிரி ஏற்றத்தை வரம்பாக வைக்கிறது. தெர்மோகப்பிளை (வெப்ப உணரி) உறையின் மேல் ஒட்டி அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை, தொடுமுனைக்கு மிக அருகே துளையிட்டு உள்ளே வையுங்கள். கிரிம்ப்பில் இன்னொன்று. எது முதலில் சூடாகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். கிடைத்த மின்னோட்ட வளைவை ஐஇசி 60512-5-2 சொல்வதுபோல 0.8-ஆல் பெருக்கித்தான் வெளியிட வேண்டும். பிறகு அதிர்வு, சூட்டு அதிர்ச்சி, உப்பு என்று அதே மாதிரிகளை வரிசையாக வதைத்து, முடிவில் மறுபடி மின்தடை. ஒவ்வொரு சோதனைக்கும் புது மாதிரி எடுத்தால் எல்லாமே தேறும், வண்டியில் தோற்கும்.

காப்பு மின்தடையில் ஒரு கண்ணி இருக்கிறது. வண்டி முழுமைக்கும் டிசியில் வோல்ட்டுக்கு 100 ஓம் போதும் என்பதால் 800 வோல்ட்டுக்கு 80 கிலோஓம். அதை அப்படியே கனெக்டரின் இலக்காக வைத்துவிடுவார்கள். பத்துப் பாகங்கள் இணையாக இருந்தால் ஒவ்வொன்றும் 800 கிலோஓம் இருந்தால்தான் மொத்தம் 80 வரும். தனிக் கனெக்டருக்கு நூறு மெகாஓமுக்கு மேல் இலக்கு வையுங்கள்.

சர்வீஸில் கழற்றும் முறை?

வண்டியை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியைத் துண்டித்து, சர்வீஸ் பிளக்கை (உயர் மின்னழுத்தச் சுற்றை அறுக்கும் பிளக்) எடுத்து உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்கள் காத்திருங்கள். 1000 வோல்ட் ஏசி வரை தாங்கும் வகுப்பு 0 கையுறையோடு மின்னழுத்தத்தை அளங்கள். தெரிந்த ஒரு மின்மூலத்தில் மீட்டரைச் சரிபார்த்து, பிறகு கனெக்டரில் அளந்து, மறுபடி அதே மூலத்தில் சரிபாருங்கள். மீட்டர் செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்.

சூடேறி நிறம் மாறிய டெர்மினலை எமரித் தாளால் தேய்த்துத் திரும்பப் போடலாமா?

வேண்டாம். தேய்த்தால் வெள்ளியும் நிக்கலும் போய்ச் செம்பு வெளிவரும், தளர்ந்த ஸ்பிரிங் அழுத்தம் திரும்ப வராது. ஆண், பெண் இரு பாதிகளையும் மாற்றுங்கள். புதிதை மாட்டுமுன் கேபிள் முனையில் காப்பை 2 செ.மீ. கூடுதலாக உரித்து இழைகளைப் பாருங்கள். அவை கறுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். அந்த நீளத்தைக் கேபிள் தாங்காவிட்டால் கேபிளும் புதிது.